மூலை வெட்டின பாஸ்போட்

கோகுலனின் கலியாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அவனுக்குப் பிரான்சில் ஒரு சின்னப் பட்டணத்துப் பேக்கரியில் பாண் போடுகிற வேலை. விசாவும் நீண்டகால விசாதான், அடுத்த வருடம் வரைக்கும் செல்லும். ஆனால் அது ஒட்டியிருந்த பாஸ்போட் சித்திரையோடு முடியப் போகிறது. அங்கே புதுப்பிப்பதென்றால் இரண்டு நாள் லீவு எடுத்து ரயிலேறிப் பாரிசுக்குப் போகவேண்டும். முதலாளியோ தன் அப்பாவின் செத்தவீட்டன்றும் பாண் சுட்ட மனுசன்; கலியாண லீவுக்கு மேல் ஒரு நாளும் தரமாட்டார். ஆகவே மார்கழியில் சொந்த ஊரான நெடுங்கேணிக்கு வந்த கையோடு கோகுலன் வவுனியாவில் விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தான். இன்றைக்குப் புதியதை எடுக்கப் போயிருந்தான்.

அலுவலகத்தில் இருந்த அக்கா புதியதைத் தந்தார். பிறகு பழையதையும் தந்தார். பழையதின் மூலை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டு, 'ரத்து' என்று ஆங்கிலத்தில் பெரிய முத்திரையும் விழுந்திருந்தது. கோகுலன் அதை அவரிடமே திருப்பி நீட்டினான்.

"அக்கா, இதுக்குள்ள என்ர விசா இருக்கு!"

"விசாப் பக்கத்தில கை வைக்கேல்லத் தம்பி. பாஸ்போட்டுத்தான் முடிஞ்சது, விசா முடியேல்ல. போகேக்க ரெண்டையும் சேத்துக் கொண்டு போங்கோ."

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். விசா ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அவனுக்கு வந்த சந்தோசத்தில், பின்னால் நின்ற பரமலிங்கத்தைப் பார்த்து நன்றாகவே சிரித்துவிட்டான்.

பரமலிங்கம் பெண்வீட்டாருக்கு உறவு. பெண்ணின் தகப்பன் சிவராசாவுக்கு ஒன்றுவிட்ட தமையன். சிதம்பரம் போவதற்காகப் பாஸ்போட் எடுக்க வந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். ஆனால் கண்ணாடியைப் போட்டால் கண் நல்ல கூர்மை. முத்திரையை எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, கான்சலோ?"

"ஓம் மாமா, கான்சல்தான்!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, கோகுலன் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். சிரித்துக்கொண்டே சொல்கிறானே பாவம், பெடியனுக்கு அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று பரமலிங்கம் நினைத்தார். உடனே போனை எடுத்தார்.

பஸ்ஸில் கோகுலனின் போனுக்குச் சார்ஜ் இல்லை. யன்னலோரம் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. அவன் புளியங்குளம் தாண்ட முன்பே செய்தி நெடுங்கேணியில் வந்து இறங்கிவிட்டது.

வீட்டுப் படலையைத் திறந்தால், முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தன. ஒன்றில் சிவராசா குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா அருந்ததி ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். கண் வீங்கியிருந்தது.

"ஆரம்மா செத்தது?" என்று பதறினான் கோகுலன்.

"ஒண்டும் யோசியாத ராசா. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் வயல் கிடக்கு."

சிவராசா தொண்டையைச் செருமினார். "தம்பி, நாங்கள் மனச்சாட்சி இல்லாத ஆக்கள் இல்ல. ஆனா விசா கான்சலாகின நேரத்தில... திகதியைக் கொஞ்சம் தள்ளி வைச்சால் என்ன எண்டு யோசிச்சன். ஆவணிக்குப் பிறகு."

கோகுலனுக்கு இப்போதுதான் விளங்கியது. சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு ஸ்கூட்டி படலைக்குள் வந்து நின்றது. கஜேந்தினி. மணப்பெண்; விவசாயப் போதனாசிரியை. வயலில் இருந்து நேரே வந்திருந்தாள், சப்பாத்தெல்லாம் சேறு.

"அப்பா, திகதி ஒண்டும் தள்ள வேண்டாம்."

"பிள்ளை, உனக்கு விசயம் தெரியுமோ?"

"பெரியப்பா எங்கட ஒபிசுக்கும் எடுத்துச் சொல்லிப்போட்டார். விசா இல்லாட்டி இவர் இஞ்சயே நிப்பார். அவ்வளவுதானே? சந்தியில ஒரு நல்ல பேக்கரி இல்ல. தபால் கந்தோருக்குப் பக்கத்தில கடை ஒண்டு பூட்டிக் கிடக்கு, வரேக்க பாத்திட்டுத்தான் வாறன்."

நுனிநாக்கில் இருந்த விளக்கத்தைக் கோகுலன் விழுங்கிவிட்டான். செய்தது பிழைதான். ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாக இருந்தது.

"அடுப்பு வைக்க இடம் காணுமோ?"

"பின்னுக்கு நல்ல வளவு. முன்னுக்கு நாலு மேசை போடலாம்."

"பின்னேரம் மீன் வைச்ச மாலுபாணும் போடலாம்," என்றான் அவன்.

ஐந்து நிமிடம் அந்தப் பேக்கரி சிறப்பாக நடந்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்க மனம் கேட்கவில்லை. இரண்டு பாஸ்போட்டையும் எடுத்து நடந்ததைச் சொன்னான்.

சிவராசா விசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திகதியை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப திகதியில மாற்றம் இல்ல. நான் முதலே சொன்னனான்தானே!" என்றார். அருந்ததி குசினிக்குள் போய், சம்பந்திக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அவரும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

கஜேந்தினி ஸ்கூட்டியைத் திருப்பினாள். கோகுலன் படலை வரை கூட நடந்தான்.

"உமக்கு விசா இருக்கிறது கவலையோ?"

"கவலை எண்டில்ல. மூண்டு மணித்தியாலமா நீங்கள் இஞ்ச நிக்கிறீங்கள் எண்டு நினைச்சுப் பழகிட்டன்."

கலியாணப் பேச்சுக்கால் தொடங்கி ஆறு மாதம். அவள் பிரான்சுக்கு வருவாள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள், அவனும்தான். அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அங்க வர உமக்கு விருப்பமோ?"

அவள் ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பூட்டினாள். "இப்பதான் கேக்கிறீங்கள். இஞ்ச நூற்றுப்பத்துக் கமக்காரர் என்னை நம்பி இருக்கினம். அறுவடை முடிய ஒருக்கால் வந்து பாக்கிறன். பிடிச்சால் நிப்பன். பிடிக்காட்டி என்ன செய்வீங்கள்?"

"வேற என்ன, உம்மோட திரும்பி வருவன்."

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"இல்ல," என்றான் கோகுலன் உண்மையாக. அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

கலியாணம் சொன்ன திகதியிலேயே நடந்தது. தான் போன் எடுத்திராவிட்டால் பெண்ணின் குணம் தெரிய வந்திராது என்று பரமலிங்கம் பந்தியில் எல்லோருக்கும் சொன்னார். மாசி முதல் கிழமை கோகுலன் புறப்பட்டான். விமான நிலையத்தில் இரண்டு பாஸ்போட்டையும் சேர்த்து நீட்டினான். அதிகாரிகள் பழையதில் விசாவைப் பார்த்து, புதியதில் முத்திரை குத்தி விட்டார்கள்.

அடுத்த கிழமை கஜேந்தினியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: 'தபால் கந்தோர் பக்கத்துக் கடைக்காரரோட கதைச்சனான். முன்பக்கம் பதினெட்டு அடி.' அன்று முதலாளி சாப்பிடப் போனதும் கோகுலன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி அளக்கத் தொடங்கினான்.