அக்குள் டாக்டர்

அவருக்கு அந்தப் பக்கம் முழுக்க அக்குள் டாக்டர் என்றுதான் பெயர். காய்ச்சல் என்று யார் வந்தாலும், கையைத் தூக்குங்க, சட்டையைக் கழட்டுங்க, திரும்பிப் படுங்க என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை அலசிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். "பல்வலின்னு போனாலும் மனுஷன் அக்குளைத்தான் பாப்பாரு" என்று மருந்துக்கடையில் சிரிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வரும் காய்ச்சல், கடித்த இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கை விட்டுவைக்கும். வலிக்காது, அரிக்காது. அதுவும் அக்குள், தொடையிடுக்கு என்று துணிக்குள்ளேதான் போய் ஒளிந்துகொள்ளும். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே ஆள் எழுந்து நடப்பான். விட்டால் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன், வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்த அண்ணியை மட்டும் போர்த்திய போர்வையோடேயே பார்த்தார்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் அவர் தூங்கி விழாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவள் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை மேல்துணியோடு வைத்துக் கேட்டார். போர்வையை விலக்குங்க என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை முழுங்கிவிட்டு, "டைபாய்டு மாதிரி இருக்கு அண்ணி. ஊசி போட்டா சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. மலேரியா இல்லை, டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனை கையை விரித்தது. காய்ச்சல் மட்டும் அசையவில்லை. மருந்தை மாற்றினார், அப்போதும் போர்வையை விலக்கவில்லை.

அன்று காலை கிளினிக்கில் சாலையோரப் புதர் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள். போன வாரம் அவள் அக்குளில்தான் அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்திருந்தார். "காச்சல் போயே போச்சு டாக்டர். நாளைலேருந்து வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டாள். வாயெல்லாம் சிரிப்பு.

வேலை என்றதும்தான் அவருக்கு வீட்டுப் புதர் ஞாபகம் வந்தது. அவருடைய புதுக் காரை நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னால் மண்டிக்கிடந்ததை எல்லாம் வெட்டிப் போட்டவள் அண்ணி. காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. கண் யாரையும் தேடாமல் எங்கோ பார்த்தது. அண்ணன் ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கங்க அண்ணி" என்று போர்வையை விலக்கினார் டாக்டர். அக்குளில் இல்லை. இடது மார்புக்குக் கீழே, மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோலக் கருப்பாக, சுற்றிலும் சிவந்து இருந்தது.

"தம்பி... நீங்க போய்..." என்று அவள் துணியை இழுக்கப் பார்த்தாள். விரலில் பலம் இல்லை. மாத்திரை அவர் பையிலேயே இருந்தது. அதை விழுங்கும் நிலையில் அவள் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தை நரம்பில் ஏற்றி, தொண்டையில் குழாய் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளைடா, நீ வந்து கண்டுபிடிச்சே. வேற டாக்டர்னா விட்டிருப்பான்."

அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. "இல்லண்ணே. மொதல் நாளே பாத்திருக்கணும். எவ்வளவோ பேரைப் பாக்கறேன். அண்ணியைப் பாக்கக் கூச்சமா இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்."

அண்ணன் கையை விடவில்லை.

"அந்தப் புண்ணை நான் அப்பவே பாத்தேன்டா" என்றார். "தம்பிகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், பாவம், அவருக்குச் சங்கடமா இருக்கும்னா. வலிக்கலையே, தானா ஆறிடும்னா. நானும் சரின்னு விட்டுட்டேன்."

டாக்டருக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. எழுந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். ஒருவர் மனம் ஒருவர் கோணாமல் மூன்று பேருமாகச் சேர்ந்து அவளை அந்தக் கதவுக்குப் பின்னால் அனுப்பியிருந்தார்கள்.

கதவு திறந்தது. வெளியே வந்த பெண் டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். "மருந்து கொஞ்சம் முன்னாடி போயிருக்கணும்" என்றார் மெதுவாக. "இதயம் நின்னுடுச்சு. எவ்வளவோ முயற்சி பண்ணோம்."

அண்ணனுக்கு அது உடனே உறைக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பி, எந்தச் சந்தேகம் வந்தாலும் கேட்பதுபோலவே கேட்டார்.

"நீ உள்ள போய் ஒரு தடவை பாருடா. நீ பாத்துச் சொல்லு."