ஆமை என்று பெயர் வைத்தவள்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட இரண்டு வயது மூத்த மேலாளருக்கும் அக்காதான். யார் எழுதிய கணினி நிரலாக இருந்தாலும் அவள் சோதித்துப் பார்த்து ‘சரி’ என்றால்தான் வெளியே போகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்வானேன்.

அவர்கள் செய்வது ஒரு கருவி. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் ஓடும். நிரல் எழுதுகிறவர்களில் யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார்கள் என்பதையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் அதில் ஒரு புது வசதி வந்தது. கட்டளை ஓடி முடிந்ததும், எந்தப் பகுதி எத்தனை நொடி எடுத்துக்கொண்டது என்று பட்டியல் போட்டுக் காட்டும். முதல் பட்டியலிலேயே ஒருவன் மாட்டினான். கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதி அவன் எழுதியது. மொத்தம் பதினேழு நொடியில் பன்னிரண்டு அவன் தலையில் விழுந்திருந்தது.

“அட, நம்ம ஆமை!” என்றாள் அக்கா. சாப்பாட்டு அறையில் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு அவன் விடுப்பு. மறுநாள் அவன் வருவதற்குள் பெயர் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒரு பிளாஸ்டிக் ஆமையை அவன் மேசையில் வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே அதைப் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பகுதியை அவன் மூன்று முறை அடியோடு மாற்றி எழுதினான். சாப்பாட்டு அறைக்கு வருவதை நிறுத்திவிட்டு, மேசையிலேயே டப்பாவைத் திறந்து நாலு வாய் போட்டுக்கொள்வான். மூன்றாவது முறையும் பட்டியல் பன்னிரண்டு என்றுதான் சொன்னது. திங்கட்கிழமையிலிருந்து அவனைத் தொலைபேசியில் புகார் கேட்கும் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று மேலாளர் முடிவுகட்டினார்.

“கடைசியா ஒரு தடவை நீங்க ஓட்டிப் பார்த்துடுங்கக்கா. பத்தரைக்குக் கூட்டத்துல சொல்லிடலாம்” என்றார் அக்காவிடம்.

அக்கா ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஓட்டினாள். அதே பன்னிரண்டு நொடி. அப்போதுதான் உறைத்தது. மூன்று தடவை மாற்றி எழுதியிருக்கிறான்; கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், இப்படி அசையாமல் நிற்குமா? தன்னிடமிருந்த பிரதியில் அவன் பகுதியில் பெயரை மட்டும் விட்டு மற்றதை முழுக்க அழித்தாள். கூப்பிட்டால் வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும், அவ்வளவுதான். ஓட்டினாள். ஒரு வரிகூட இல்லாத அந்தப் பகுதி பன்னிரண்டு நொடி மாடாய் உழைத்ததாகப் பட்டியல் கூசாமல் சொன்னது.

அரை மணியில் கோளாறு பிடிபட்டது. பட்டியல் ஒவ்வொரு பகுதியின் நேரத்தையும் ஒரு வரி தள்ளி எழுதிக்கொண்டிருந்தது. கணினியின் வட்டிலிருந்து கோப்பைப் படிக்கும் நேரம் அடுத்த வரியில், அவன் பகுதிக்கு நேராக விழுந்திருந்தது. அதைத் திருத்தினாள். ஆனால் இப்படி ஒரு தப்பைப் பிடிக்கவே ஒரு சோதனை இருந்ததே! படிக்கும் பகுதியை வேண்டுமென்றே இரண்டு நொடி காக்க வைத்து, அந்த இரண்டு நொடி சரியான வரியில் விழுகிறதா என்று பார்க்கும் சோதனை. அதன் சரியான விடையை மாற்றியது யார் என்று அந்தக் கருவியிடமே கேட்டாள். அது முகதாட்சண்யம் பார்க்கவில்லை. அவள் பெயர். அந்த வசதி வெளியே போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பத்தெட்டு. குறிப்பு: ‘சரிபார்த்தாயிற்று’.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நினைவிருந்தது. பட்டியலின் அகலத்தை மாற்றியிருந்ததால் நாற்பது சோதனைகள் ஒரே நேரத்தில் கூப்பாடு போட்டன. ஒவ்வொன்றும் பழைய விடையையும் புது விடையையும் காட்டி, ‘புதியதையே ஏற்கவா?’ என்று கேட்டது. ஒய் என்ற விசையை அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். கீழே நாத்தனார் காத்திருந்தாள். “அண்ணி, கடைய மூடிடுவான்!” என்று போனில் ஒரே அவசரம். ஒய், ஒய், ஒய். வாங்கி வந்த திரைச்சீலை கூடத்து ஜன்னலில் இன்னும் தொங்குகிறது, ஒரு பக்கம் நாலு விரல் குட்டையாக. இதற்காகவா என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

கூட்டத்தில் அவள் எழுந்து சொன்னாள். “தப்பு பட்டியல்லதான். நேரத்தை ஒரு வரி தள்ளி எழுதியிருக்கு. இவர் பகுதி ஒரு நொடிகூட எடுக்கல.” சொன்னதெல்லாம் நிஜம். அதில் ‘நான்’ என்ற சொல் மட்டும் வரவில்லை.

“பார்த்தீங்களா? இதுக்குத்தான் அக்கா வேணும்ங்கிறது!” என்றார் மேலாளர். கைதட்டினார்கள். வாயைத் திறந்தாள், அதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவன் இடம் தப்பியது. கூட்டம் முடிந்து அவள் மேசைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. கையில் அந்த ஆமை.

“ஒண்ணு கேக்கலாமாக்கா? நான் முதமுதல்ல எழுதினது... அதுவே நல்லாத்தான் இருந்துச்சா?”

அவன் கண்ணெதிரிலேயே ஓட்டிக் காட்டினாள். அதன்பின் எழுதிய மூன்றையும்விட அதுதான் வேகம்.

“வீட்லகூட சட்டைப் பொத்தான் போட லேட்டானா, நாம இப்படித்தான் போலன்னு தோணும். பொண்ணு வீட்டுப்பாடம் கேட்டா, அம்மாகிட்ட போன்னு அனுப்பிடுவேன்க்கா” என்றான்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. “அந்தச் சோதனையில பார்க்காம ஒய் அழுத்தினது நான்தாம்ப்பா.” இதற்காக அவளைப் பெரிதாகப் பாராட்ட வேண்டாம். ஒரே ஒரு கட்டளை தட்டினால் சாயங்காலத்துக்குள் அவனே பார்த்திருப்பான்.

“எல்லாரும் அழுத்துறதுதானேக்கா. நீங்களாவே சொன்னீங்களே, அதுவே பெருசு” என்றான். பிறகு ஆமையை உள்ளங்கையில் உருட்டினான். “இந்தப் பேர வச்சது யாருன்னுதான் கடைசிவரைக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

அதைக் காட்டிக்கொடுக்க எந்தக் கட்டளையும் கிடையாது. அன்று சிரித்த மூவரில் ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள். மற்ற இருவருக்கும் நினைவிருக்காது.

“தெரியலையேப்பா” என்றாள் அக்கா.

“யாரா இருந்தா என்ன. நீங்க இல்லல்ல, அது போதும். இதை நீங்களே தூக்கிப் போட்டுடுங்கக்கா” என்று ஆமையை நீட்டினான்.

அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.