ஜான்சன் குனிந்தாரா?

1

இந்தக் கதை, வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ஜான்சனின் சானிட்டரி கடை. பீங்கானைத் தட்டிக் காட்டிக்கொண்டே, “நான் கராத்தே கத்துக்கினு இருக்கிறேன் சார்” என்றார். ஐம்பத்திரண்டு வயது, நல்ல தொப்பை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதினால் கோபுரத்தில் வெயில் அடித்தே ஆக வேண்டுமா?)

இரண்டாம் தொடக்கம்: ஜான்சனுக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் வழியெல்லாம் நிறுத்தி, ஒழுகும் குழாய்க்கு வைத்தியம் கேட்கிறார்கள். எனவே சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மொட்டை மாடிக் கராத்தே வகுப்பில் சேர்ந்தார். மாஸ்டர் அனுவுக்கு இருபத்துநான்கு வயது. மற்ற மாணவர்கள் ஜான்சனின் இடுப்பு உயரம்.

அனு “ரெய்!” என்றாள். எல்லோரும் குனிந்தார்கள். ஜான்சன் மட்டும் தண்ணீர்த் தொட்டி போல நின்றார்.

“குனியணும் அங்கிள்.”

“நான் யாருக்கும் குனியறதில்லமா. எங்கப்பா எனக்கும் சேர்த்துக் குனிஞ்சிட்டாரு.”

“இது கும்பிடு இல்ல அங்கிள். நான் உங்கள அடிக்கப் போறேன், நீங்க என்னை அடிக்கப் போறீங்க. அதுக்கு முன்னாடி, உங்கள நம்பி நிக்கிறேன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிறது.”

“வாயாலயே சொல்லிடுறேனே.”

அன்றிலிருந்து அனு குனிவாள். ஜான்சன் நிமிர்ந்து நின்று, “நம்புறேன்” என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

3

(இங்கே சிரிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.)

ஜான்சனின் அப்பா முசரவாக்கம் காலனிக்காரர். ஊரில் கலியன் என்பவரின் நிலத்தில் வேலை செய்து, அவர் முன்னால் ஒருநாளும் நிமிராமலே கிழவனாகிச் செத்தவர். மஞ்சள் பெல்ட் தேர்வன்று, பேத்தி நடத்துவதைப் பார்க்க ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். கலியன். அனுவின் தாத்தா.

ஜான்சனுக்கு அது வரை தெரியாது. அவருக்கு ஜோடியாக வேறு பெரியவர்கள் இல்லாததால், அனுவே எதிரில் வந்து நின்று குனிந்தாள்.

“ஏம்மா! யாரு முன்னாடி குனிஞ்சிக்கினு இருக்கிற? இவங்கப்பன் யாருன்னு தெரியுமா உனக்கு?” என்று கலியன் கத்தினார்.

“தாத்தா, கிளாஸ்ல பேசக்கூடாது.” அனு நிமிரவில்லை.

ஜான்சனுக்கு “நம்புறேன்” வாயில் வரவில்லை.

(அனு மேல் எனக்கொரு சந்தேகம். அவளுக்கு ஜான்சன் யாரென்று முன்பே தெரியுமா? கடையில் கேட்டேன். “தெரிஞ்சி குனிஞ்சிச்சா, பழக்கத்துல குனிஞ்சிச்சான்னு எனக்கே புரியல சார்.”)

4

முடிவு அ: ஜான்சனும் குனிகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (பள்ளி ஆண்டு விழா நாடகம். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ஜான்சன் திரும்பிப் பார்க்காமல் மாடியிறங்குகிறார். (கெத்துதான். ஆனால் குனிந்தபடியே நிற்கும் அந்தப் பெண்ணை என்ன செய்வது?)

நடந்தது இது. அனுவின் நெற்றி வியர்வை தரையில் சொட்டியது. கலியன், “எழுந்திரு!” என்றார். அவள் அசையவில்லை. ஜான்சன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கினார். தலையை அவள் தலைக்கும் கீழே கொண்டுபோய், அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தாள்.

“எழுந்திருமா. முதுகு புடிச்சிக்கப் போவுது.”

“நீங்க குனிஞ்சாதான்.”

“நான் குனியல. உன்கூடப் பேசிக்கினு இருக்கிறேன்.”

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். அடுத்த நொடி, வயிற்றில் அவள் விட்ட உதையில் ஜான்சன் தரையில் உட்கார்ந்தார். பெல்ட் கிடைத்தது.

5

“ஜான்சன் என் பேத்திகிட்ட குனிஞ்சான்” என்று கலியன் ஊரில் சொல்லிவருகிறார். “அவரு பேத்திதான் என்கிட்ட குனிஞ்சிது” என்று ஜான்சன் கடையில் சொல்கிறார். அனுவைக் கேட்டால், “ரெண்டு பேருக்குமே பொசிஷன் தப்பு” என்கிறாள்.

எனக்குத் தேவை ஒரே ஒரு வினைச்சொல். ‘குனிந்தார்’ என்று எழுதினால் அந்தக் கடைப் பக்கம் நான் போக முடியாது. ‘பேசினார்’ என்று எழுதினால் மாஸ்டர் ஒப்புக்கொள்ள மாட்டாள். இடம் விட்டிருக்கிறேன், பேனா உங்களிடம்.

கலியன் பார்த்துக்கொண்டிருக்க, அனுவின் முன்னால் ஜான்சன் ____________