பிளாஸ்திரியின் ஒரு மூலை

என் வீட்டுக்காரரைக் கடையில் எல்லாரும் ‘சதுரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் படம் எடுத்துக் கொடுக்கிற கடை. மற்றவர்கள் பெரிய மென்பொருளில் முகத்தை மெருகேற்றி, முடியை இழை இழையாகப் பிரித்துக் காட்டுவார்கள். இவர் மட்டும் கம்ப்யூட்டரோடு ஓசியில் வருகிற, பிள்ளைகள் வீடும் சூரியனும் வரைந்து விளையாடுகிற அந்தச் சின்ன புரோகிராமை விடவே மாட்டார். அதில் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுவார். புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளக் கூடாதா என்று முதலாளி கேட்டால், “இதுலயே எல்லாம் முடியுதே” என்பார். இந்தப் பிடிவாதம் முன்பே தெரிந்திருந்தால் கல்யாணத்துக்குக் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடையில் அடிக்கடி கரண்ட் போகும். அதனால் ஒரு கோடு இழுத்தால் உடனே சேவ் பண்ணிவிடுவார். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதுகூட இடது கை விரல்கள் மேசையில் சேவ் பண்ணுகிற அந்த இரண்டு பொத்தான்களைத் தேடித் தட்டும்.

எங்கள் பாப்பாவுக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. மாசம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்து, அங்கேயே போய்விட்டாள். பெயர்கூட வைக்கவில்லை. கடைசியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோது விலக்கிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. அதற்கு முன்பு ஒரு நர்ஸ் மனசு இளகி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள விட்டாள். மூக்கில் குழாய். அது நழுவாமல் இருக்க மேல் உதட்டையும் ஒரு கன்னத்தையும் மூடி பிளாஸ்திரி. அந்தப் போன் பிறகு தண்ணீரில் விழுந்து செத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த படம்தான் மிச்சம்.

அதைப் பிரேம் போட்டு மாட்டலாம் என்று நாத்தனாரிடம் சொன்னேன். “குழாயும் பிளாஸ்திரியுமா இருக்கே அண்ணி. பாக்குறப்போ எல்லாம் மனசு கஷ்டமா இருக்காதா?” என்றாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் வாயை மூடினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற மனிதர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “இங்க வாயேன்” என்று கூப்பிட்டார். குரலில் ஒரு சந்தோஷம். பாப்பா போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கையில் இருந்த துண்டோடு போனேன்.

திரையில் ஒரு குழந்தை இருந்தது. குழாய் இல்லை, பிளாஸ்திரி இல்லை.

“இந்தக் கன்னத்தை வெட்டி, திருப்பி, அந்தப் பக்கம் ஒட்டினேன்,” என்றார். “உதடுதான் சிக்கல். மேல் உதடு எப்படி இருந்துச்சுன்னு நமக்கே தெரியாதே. உன் அடையாள அட்டை படத்துல இருந்து உன்னோடத எடுத்துச் சின்னதாக்கி வெச்சேன். ஒட்டுன இடம் தெரியுதா, பாரு.”

தெரியவில்லை. என் உதட்டை வைத்துக்கொண்டு யார் வீட்டுக் குழந்தையோ என்னைப் பார்த்தது.

“பழைய படம் எங்க?”

“இதுதான் அது.”

“பிளாஸ்திரி இருந்ததுங்க.”

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் முகம் வெளுத்துப்போனது. “நேத்து கொஞ்சம், இன்னிக்குக் கொஞ்சம்னு பண்ணேன். நடுவுல மூடிட்டுத் திறந்தேன். பழசு மேலயே சேவ் ஆயிடுச்சு. ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். “ஊரான் முகத்தை எல்லாம் துடைச்சுத் துடைச்சு, கடைசியில என் பொண்ணையும் துடைச்சுட்டீங்களா?”

“அது அவளுக்கு வலிச்சிருக்கும்ல,” என்றார். “அதான் எடுத்துவிட்டேன்.” சொல்லிவிட்டு அழுதார்.

அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. அவரிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன். “நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. பிளாஸ்திரியில ஒரு மூலை தூக்கிக்கிட்டு இருந்துச்சு. கை கழுவிட்டு வந்து அமுக்கி விடுங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. பெட்டி ஓட்டை வழியா ஒரு விரலை விட்டு அமுக்கினேன். உயிரோட நான் அவளைத் தொட்டது அவ்வளவுதான்.”

அவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லையே என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். அவர் தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். படத்தைப் பெரிதாக்கினார். முகம் கலைந்து வெறும் சதுரங்களாக நின்றது.

“எங்க இருந்துச்சு, சொல்லு.”

சொன்னேன். “வெள்ளை இல்லங்க, கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரி.” “நேரா இல்ல, காதுப் பக்கமா சரிஞ்சிருக்கும்.” ஒவ்வொரு சதுரமாக அவர் நிரப்பிக்கொண்டே வந்தார். இடது கை பொத்தான்களைத் தேடிப் போகாதபடி அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். என் உதடு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. குழாயையும் வரைந்தார்.

நன்றாக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது மாதிரி இருந்தது. அவள் முகம் போனது போனதுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசியில் ஒரு மூலையை மட்டும் சற்றே தூக்கிவிட்டு, அதன் கீழே மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு இழுத்தார்.

“இப்படியா?”

“ஆமா.”

“சேவ் பண்ணட்டுமா?”

இந்த மனிதர் கேட்டுவிட்டு சேவ் பண்ணி நான் பார்த்ததே இல்லை.

“இருங்க,” என்றேன். எழுந்து போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். திரையில் அந்த மூலைமேல் விரலை வைத்து, மெதுவாக அமுக்கினேன். பிறகு தள்ளி நின்றேன்.

“நீங்களும்,” என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார்.