கட்டிலடியில் கலியாண எழுத்து

கட்டிலில் யோகலிங்கம் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். தலைமாட்டில், நிலத்தில், விமலேஸ்வரி. கால்மாட்டில் நெல்மூடையின் மேல் முல்லைத்தீவு வியாபாரி சரீப். வாசலில் அடுத்த காணிக்காரன் கனகலிங்கம். இருவரும் சாட்சிகள். பிள்ளைகள் இரண்டும் குசினி வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றன. வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரையில் விவாகப் பதிவுகாரர் தில்லைநாதன் இருந்து, புத்தகத்தை மேசையில் விரித்து, பேனைக்கு மை நிரப்பினார். மாப்பிள்ளை யோகலிங்கம் அவருடைய தம்பி.

"பொம்பிளைக்கு ஒரு மாலைகூட இல்லை. என்ன கலியாணம் காணும் இது?" என்றான் சரீப்.

"விருந்துக்கு உம்மடை கடையிலைதான் அரிசி எடுக்கிறது. ஓடிடாதையும்."

சொல்லிவிட்டு யோகலிங்கம் சிரித்த சிரிப்பு இருமலில் முடிந்தது. செங்கமாரி முற்றி, கண் இரண்டும் அரைத்த மஞ்சளாய்க் கிடந்தன. இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று ஆஸ்பத்திரியில் முந்தநாள்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் விமலேஸ்வரி சோறு கொடுத்து அவனோடு குடும்பமானவள். ஊர் அறிய அதுவே கலியாணம். ஆனால் விசுவமடுவில் அவன் வெட்டித் திருத்திய மூன்று ஏக்கரும் பேமிற் காணி, அரசாங்கம் உறுதி எழுதாமல் திருத்தி இருக்கக் கொடுத்தது. பதிவுப் புத்தகத்தில் எழுத்து எழுதிய மனைவி இருந்தால் அவளுக்கும், பிறகு பிள்ளைகளுக்கும் போகும். இல்லையென்றால் மாவட்டக் கச்சேரி திருப்பியெடுத்து, காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். எழுதித்தரச் சொல்லி யோகலிங்கம் ஒருதரம் தமையனிடம் போனதுண்டு. சொந்தத்துக்குள் இல்லாத பெண் என்ற கோபத்தில், "பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் தில்லைநாதன். வழியில் போகிறவனுக்கெல்லாம் அவசர எழுத்து எழுதிக்கொடுத்த மனிதர்.

நேற்று அவரே கச்சேரிக்கு ஓடி, உடனே எழுத விசேஷ அனுமதி வாங்கி வந்திருந்தார். இப்போது கட்டம் கட்டமாக நிரப்பினார். பெயர். வயது. தொழில். தகப்பன் பெயர். மூன்று பிரதி. ஒவ்வொரு வரிக்கும் ஒற்றுத்தாள்.

"ஐயா, முதல்லை கைநாட்டை எடுங்கோ. மிச்சத்தை ஆறுதலா எழுதலாம்," என்றான் கனகலிங்கம்.

"வெறுந்தாளிலை நான் இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரிட்டையும் ஒப்பம் வாங்கினதில்லை."

"அண்ணைக்கு அடிக்கோடு போடாட்டி நித்திரை வராது," என்றான் யோகலிங்கம், கண்ணை மூடியபடி.

மூன்றாம் பிரதி முடிந்தது. தில்லைநாதன் எழுந்து நின்று, சட்டம் சொல்லும் வாசகத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். விமலேஸ்வரியிடம் கேட்டார். "ஓம்," என்றாள். தம்பியின் பக்கம் திரும்பினார்.

"யோகலிங்கம், உனக்குச் சம்மதமோ?"

அவன் வாய் திறந்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரீப்தான் முதலில் 'இன்னாலில்லாஹி' என்று சாவுக்கு ஓதுவதை முணுமுணுத்தான்.

விமலேஸ்வரி அழவில்லை. எழுந்தாள். மேசையைக் கட்டிலோடு இழுத்தாள். யோகலிங்கத்தின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினாள்.

"அத்தான், கை சூடாத்தான் இருக்கு."

ஒன்பது வருஷமாக, புருஷனின் தமையனான தில்லைநாதனை அவள் ஐயா என்றுதான் கூப்பிட்டவள்.

"அவன் ஓம் எண்டவன். நான் கேட்டனான்," என்றான் கனகலிங்கம்.

"நானும் கேட்டனான். ஆண்டவனுக்கு நான் பதில் சொல்லுறன், நீங்க எழுதுங்கோ," என்றான் சரீப்.

விரல் தாளுக்கு வந்துகொண்டிருந்தது. தில்லைநாதன் புத்தகத்தை இழுத்தெடுத்தார். விரல் மேசைப் பலகையில் பதிந்தது.

"நான் கேக்கேல்லை," என்றார். அது நேர்மையா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

பின்னேரம் ஆறு வயது மகன் கொள்ளி வைத்தான். சுடலையிலிருந்து திரும்பும்போது கனகலிங்கம் தில்லைநாதனுக்குக் கேட்கத்தான் சொன்னான்: "கொள்ளிக்குப் பிள்ளை சரி, காணிக்குத்தான் பிள்ளை இல்லை."

மறுநாட் காலை, பாவிக்காத விவாக அனுமதிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பத் தில்லைநாதன் அதே மேசையில் இருந்து எழுதினார். 'குறித்த விவாகம் நடைபெறவில்லை. மணமகன் சம்மதம் தெரிவிக்குமுன் இறந்துபோனார். தாமதம் என்னுடையது.' கடைசி வரியைப் பல தடவை வாசித்தார். அதை வைத்துக் கச்சேரி ஒன்றும் செய்யப்போவதில்லை. வெட்டவும் மனம் வரவில்லை. கடிதத்தைப் பத்திரத்தோடு உறையிலிட்டு, அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்.

பஸ்ஸில் கொடுத்தால் பரந்தனில் தபாற்பெட்டியில் போட்டுவிடுவார்கள். செருப்பைத் தேடினார். விமலேஸ்வரி முன்னால் வந்து நின்றாள்.

"தாங்கோ. நான் குடுக்கிறன்."

சாவீட்டுக்குச் சோறு கொண்டுவந்திருந்த கனகலிங்கத்தின் மனைவி பத்மாசனி பதறிப்போனாள். "என்ன பிள்ளை, பித்தே? முப்பத்தோராம் நாள் கிரியை கழியாமல் படலை தாண்டக்கூடாது."

"அது பெண்சாதிமாருக்கு, அக்கா."

கை நீட்டியபடியே நின்றாள். தில்லைநாதன் கொடுத்தார். சேலைத் தலைப்பால் கடிதத்தை மூடிக்கொண்டு அவள் ஒழுங்கையால் நடந்து போவதை வாசலில் நின்று பார்த்தார்.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறப்போகிறாள் என்று நினைத்து, கொண்டக்டர் மிதிபலகையில் ஒதுங்கி இடம் விட்டான். அவள் கடிதத்தை அவன் கையில் வைத்தாள்.