மகாதேவி அக்காவின் கக்கூசும் ஒரு வீரப்பதக்கமும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. உடுவிலில் வாடகைக்கு இருக்கும் மகாதேவி அக்கா ஒரு கடிதம் எழுதித் தரச்சொன்னார். கடிதத்தை விட்டுவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குரங்கின் கையில் பூமாலை.

தொடக்கம் ஒன்று: "விடியற்காலை. ஓடுபாதையின் தெற்கு எல்லையில் குண்டுகள் மழையெனப் பொழிய, கப்டன் தன்னந்தனியாக..."

(விட்டுவிடுவோம். எல்லாக் கதையிலும் குண்டுகள் அப்படித்தான் பொழிகின்றன.)

2

விஷயம் இதுதான். இராணுவ விமானத்தளத்தை ஒட்டி அக்காவின் தகப்பன் பரமலிங்கத்துக்கு நாலு பரப்புக் காணி இருந்தது. வெங்காயம் செய்தார். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடியபோது காணி உறுதிப் பத்திரம் வீட்டுக்குள் கிடந்தது. வீட்டைப் பிறகு புல்டோசர் கொண்டுபோயிற்று. இராணுவம் பிடித்துவைத்த காணிகளை இப்போது திருப்பி விடுகிறார்கள். ஆனால் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும்.

கந்தோரில் ஒருவர், "ஆமியின்ரை பேப்பரிலை உங்கடை வீடு இருந்தால் கொண்டு வாங்கோ அம்மா" என்றார். பகிடிக்குச் சொன்னது.

அக்காவின் மகள் ஆரணி அதை நம்பி இணையத்தில் தேடினாள். கிடைத்தது. தளத்தைக் காத்த கப்டன் ஒருவருக்கு வீரப்பதக்கம் கொடுத்த செய்தி. 'வலுவூட்டப்பட்ட கொங்கிரீட் அரணில்' ஐந்து மணித்தியாலம் தனியாக நின்று பொருதினாராம். படத்தில் அரணுக்கு முன்னால் கப்டன். அவர் தோளுக்கு மேலே காற்றுப் போக வைத்த பூக்கல். அதன் கீழே, ஈரச் சீமெந்தில் விரலால் எழுதிய 1978.

"உது அப்பா கட்டின கக்கூசு*" என்றார் அக்கா. "மேலை தண்ணித் தாங்கி வைக்கவெண்டு கொங்கிரீட் பிளாட் போட்டவர். வீட்டுக்கு ஓடு, கக்கூசுக்குப் பிளாட்டோ எண்டு அம்மா பேசினவ."

* கழிப்பறைக்குக் கக்கூசு, அலுவலகத்துக்குக் கந்தோர். இரண்டும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். இரண்டிடத்திலும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

3

கக்கூசும் இப்போது இல்லை. மிச்சம் அந்தப் படமும் கப்டனின் வாயும்தான். தான் நின்றது இராணுவம் கட்டிய அரணல்ல, ஏற்கெனவே அங்கிருந்த ஒரு குடும்பத்தின் கக்கூசு என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். சித்திரை முப்பதோடு விண்ணப்பம் மூடப்படும்.

கப்டன் ஓய்வு பெற்றுத் தெற்கில் இருக்கிறார். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. முதல் பிரதியில் தடித்த மீசையும் குரூரச் சிரிப்பும் வைத்தேன். அக்கா தாளைத் திருப்பித் தந்தார்.

"உவனைப் பொல்லாதவனாக்கினால் கையெழுத்து வைப்பானே?"

"கதைதானே அக்கா."

"உமக்குக் கதை. எனக்குக் காணி."

மீசையை மழித்தேன். இரண்டாம் பிரதியில் தெருநாய்களுக்குச் சோறு போட்டார். "உவ்வளவு நல்லவன் எண்டால் இவ்வளவு நாளிலை உள்ளதைச் சொல்லியிருப்பான்" என்றார் அக்கா.

4

முடிவுகள்:

அ) கையெழுத்திடுகிறார். நாலு பரப்பிலும் வெங்காயம். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.)

ஆ) மறுக்கிறார். பரிசளிப்பு விழாக்களில் அரண் அரண் என்று முழங்கிய வாய், பேரப்பிள்ளைகள் முன் கக்கூசு என்று எப்படிச் சொல்லும்? பாவம், அவர் நின்றதும் பொய்யில்லை, பயந்ததும் பொய்யில்லை.

இ) நேரில் வந்து, கண்கலங்கி...

"வேண்டாம்" என்றார் அக்கா. "வந்தால் தேத்தண்ணி குடுக்கவேணும்."

5

ஆகவே கடிதம். அக்கா சொன்னார், நான் எழுதினேன். ஒரு சொல்லும் என்னுடையதில்லை.

"ஐயா, நீங்கள் நிண்டது எங்கடை கக்கூசு. அது உங்களைக் காப்பாத்தினதிலை எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. பதக்கம் உங்களோடையே இருக்கட்டும். அதை ஆர் கட்டினதெண்டு மட்டும் எழுதித் தாங்கோ. அதைக் கட்டின மனிசன், என்ரை அப்பா, அகதி முகாமிலை, பொதுக் கக்கூசு வரிசையிலை நிண்டபடி விழுந்து செத்தவர்."

கடைசி வரியை வெட்டலாமா என்று கேட்டேன்.

"வெட்டாதையும்" என்றார்.

ஆரணி சிங்களத்தில் மாற்றி அனுப்பினாள். இன்று சித்திரை இருபத்திரண்டு. பதில் இல்லை.

கப்டன் தமிழ் வாசிக்கமாட்டார். நீங்கள் வாசிக்கிறீர்கள். உங்கள் ஆயுளில் கிடைத்தது ஒரேயொரு பதக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாத ஒருத்தியின் நாலு பரப்புக்காக, ஊர் சிரிக்க, எட்டு நாளுக்குள் இதை ஒப்புக்கொள்ளவேண்டும். வரியை நான் எழுதிவிட்டேன்.

நான் நின்றது பரமலிங்கம் கட்டிய கக்கூசு.

ஒப்பம்: ...............................