சகலையின் இடது பக்கம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். மறுபடியும் மடித்து உள்ளே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். அதற்குள் தூண்டில் சங்கத்தின் செயலாளரம்மா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

"அட, சகலையும் சகலையும் ஒரே படகுலயா? நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். மாட்டு டாக்டர் அவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

ஏரிக் கோப்பைக்கு இத்தனை வருடமும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் மீன் பிடித்தார்கள். அந்த வருடம்தான் ஜோடி ஜோடியாகப் படகில் போக வேண்டும், இரண்டு பேர் பிடிக்கும் மீன்களையும் சேர்த்து எடை போட வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். பதினான்கு கோப்பைகளில் பதினொன்றைத் தூக்கிக்கொண்டு போனவர் சகலை. அந்தப் பதினொன்றில் ஒன்பது முறை இரண்டாவதாக வந்து, பக்கத்தில் நின்று கைதட்டியவர் கண்ணாடிக் கடைக்காரர்.

சகலை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்த வேலையைச் சொல்லி யாரும் அவரை அடையாளம் காட்டுவதில்லை. ஊருக்கே அவர் சாம்பியன்தான். தூண்டில் சாமான் விற்கும் கடையின் சுவரில், இருபத்தோரு கிலோக் கெண்டையைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவர் நிற்கும் படம் இருக்கிறது. எடை பார்த்த கையோடு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஏரியில் அந்த அளவு மீன் யார் கையிலும் சிக்கவில்லை. தூண்டில் நரம்பை ஒற்றை விரலில் தொட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். சங்கத்தின் புது உறுப்பினர்கள் பாதிப் பேர் இப்போது கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். மீன் கடித்தது தெரியாமல் தூங்கிப்போனவர்களும் உண்டு.

இரண்டு சகலைகளுக்கும் பேச்சுவார்த்தை குறைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு நாள் எதிரே வந்த சாம்பியனைப் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரர் கையைத் தூக்கியிருக்கிறார். அவரோ விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விட்டார். இன்னொரு நாள் வங்கி வாசலிலும் அதே கதை. 'கோப்பை தலைக்கு ஏறிவிட்டது' என்று முடிவு கட்டியவர், அதன் பிறகு தானாகப் போய்ப் பேசவில்லை. அக்காளும் தங்கையுமான மனைவிமார் மட்டும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொண்டார்கள்.

போட்டியன்று காலை ஏழு மணிக்கு விசில் ஊதினார்கள். சாம்பியன் தன் காரில், அக்காளான மனைவியோடு வந்திருந்தார். அக்கா கரையில் குடைக்குக் கீழே பின்னல் வேலையோடு உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் துடுப்புப் போட்டார். பழைய படகுத்துறையின் மரக்கட்டைகள் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நங்கூரத்தைப் போட்டார்கள்.

"இங்கயே இருக்கட்டும் சகலை. கட்டைக்கு அடியிலதான் பெருசெல்லாம் ஒதுங்கும்" என்றார் சாம்பியன்.

தூண்டில் முள்ளைக் கட்டினார். தலைமுடி போன்ற நரம்பில் ஐந்து சுற்று, ஒரு இழுப்பு. முதல் தடவையிலேயே முடிச்சு விழுந்தது. அறுபத்து மூன்று வயதில் கண்ணாடிகூடப் போடவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

ஒன்பது மணி வாக்கில் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, சாம்பியனுக்கு இடது பக்கமாகக் கோப்பையை நீட்டினார். அவர் வாங்கவில்லை. தன் தக்கையைப் பார்த்தபடியே இருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே அந்தரத்தில் நின்றது. 'படகில் வைத்துமா இந்தத் திமிர்' என்று நினைத்து, கோப்பையைப் பலகையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து சாம்பியனே கேட்டார்:

"டீ கொண்டாந்தீங்களா சகலை?"

"ஊத்தி வச்சிருக்கேன். உங்க பக்கத்துலதான்."

சாம்பியன் இடது கையால் பலகையைத் தடவினார். விரல் நுனி கோப்பையில் பட்ட பிறகுதான் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டால் பிடிப்பதில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் இருபத்தாறு வருடமாக மனிதர்களின் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர். அவருக்கு ஏதோ உறுத்தியது. கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறியது. சாம்பியனின் சிவப்புத் தக்கை மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. சாம்பியனோ அது முன்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அப்படியும் இப்படியும் அசைத்து, டார்ச் அடித்துத் தேடுவதுபோலத் தேடிப் பிடித்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் வலது கையை மெதுவாக அவருடைய இடது காதுக்கு அருகே கொண்டுபோய் விரல்களை ஆட்டினார். அசைவே இல்லை. கையை முன்னால் நகர்த்தினார். கன்னம் தாண்டி, மூக்குக்கு நேராக வரப் போகும் நேரத்தில்தான் சாம்பியன் சட்டென்று திரும்பினார்.

"என்ன, ஈயா?"

"இல்ல. என் கை."

சாம்பியனுக்குப் புரிந்துவிட்டது. ரீலை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு அதையே திருப்பி விட்டார்.

"கடையில பண்ற சோதனையா?" என்றார்.

"ஆமா. எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும். எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிச்சிருவேன் சகலை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனப்பகூட அந்த ஆபீசர், இந்த வயசுல இப்படி ஒரு பார்வையான்னு கேட்டார். நேரா இருக்கிறதெல்லாம் தெரியுது. ஓரம்தான் இல்ல. முதல்ல இடது பக்கம். இப்ப வலதுலயும் கொஞ்சம்."

"அப்ப கடைத்தெருவுல அன்னைக்கு…"

"என்னைக்கு?"

இரண்டு வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியவில்லை.

"என் கடை உங்க வீட்ல இருந்து நாலு தெரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில்.

"உங்ககிட்டயா?" சாம்பியன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "அந்த நாற்காலியில உக்காந்து, எனக்குத் தெரியலன்னு உங்ககிட்ட சொல்லணும். வேற யார்கிட்டயாவது சொல்லிடலாம் சகலை. ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பின்னால நின்னு கைதட்டுற ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?"

அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே கண்ணாடிக் கடைக்காரருக்குப் பட்டது. சாம்பியன் நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொல்லியிருந்தால் தன் மனதுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்திருக்கும் என்பது அவருக்கே தெரியும்.

பன்னிரண்டு மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது சாம்பியனின் கம்பு வளைந்தது. தக்கை முங்கியதையெல்லாம் அவர் பார்க்கவில்லை, விரல் சொல்லிவிட்டது. ரீல் கிர்ரென்று கத்தியது. மீன் முதலில் ஆழத்துக்குப் போனது. பிறகு சுற்றி வந்து, இடது பக்கம் மரக்கட்டைகளை நோக்கி ஓடியது. ஒரு தடவை முதுகு மேலே தெரிந்தது. சுவரில் இருக்கும் படத்துக்கு வெளியே அப்படி ஒரு கெண்டையைக் கண்ணாடிக் கடைக்காரர் கண்டதில்லை.

"எந்தப் பக்கம் போகுதுன்னு கையில தெரியுது" என்றார் சாம்பியன், பதற்றமே இல்லாமல். "கட்டைக்கும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி? அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு முழம் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

ஒன்று, இரண்டு என்று எண்ணினால் நான்குக்குமேல் போகாது, அவ்வளவு நேரம்தான். இந்த மனிதர் தோற்பதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாமே என்று அவருக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது. அதில் தன்னுடைய தோல்வியும் சேர்ந்திருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை.

"ஒரு முழம்! கம்பை வலது பக்கம் சாய்ச்சுப் பிடிங்க" என்று அவர் சொன்னபோது நரம்பு கட்டையில் உரசிவிட்டது. பட்டென்று ஒரு சத்தம். கம்பு நிமிர்ந்தது. தண்ணீரில் வட்ட வட்டமாக அலை வந்து படகைத் தொட்டது.

சாம்பியன் அறுந்த நரம்பைச் சுற்றி எடுத்து, முனையை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"நீங்க முன்னாடியே பாத்துட்டீங்க, இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. வெயிலில் கண் கூசியது என்றாலே போதும். கண்ணாடிக் கடைக்காரர் துடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க தோக்கிறதைப் பாக்கணும்போல இருந்துச்சு."

பக்கத்துப் படகில் யாரோ சின்ன மீன் ஒன்றைப் பிடித்து ஆரவாரம் செய்தார்கள். பிறகு சாம்பியனின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து கண்ணாடிக் கடைக்காரர் நிமிர்ந்தார். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தாச்சா? திருப்தியா?"

"இல்ல."

"எனக்கும்தான். இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட மனசுல இருக்கிறதை அப்படியே சொன்னது இதுதான் முதல் தடவை. அதுக்கு ஒரு மீனு போச்சு, போகட்டும்."

அந்த ஜோடி மூன்றாவது இடத்தில் வந்தது. சாம்பியன் தோற்றதைக் கரையில் யாராலும் நம்ப முடியவில்லை. செயலாளரம்மா தராசை இரண்டு தடவை சரிபார்த்தார். தூண்டில் சாமான் கடைக்காரர் ஓடி வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"பெருசு ஒண்ணு மாட்டுச்சு. நான் சொல்றதுல லேட் பண்ணிட்டேன். தப்பு என்னுது" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். சாம்பியன் அதை மறுக்கவுமில்லை, விளக்கவுமில்லை.

சாமான்களைக் காரில் ஏற்றிய பிறகு கண்ணாடிக் கடைக்காரர் கையை நீட்டினார். இந்தத் தடவை நேர் எதிரே, மூக்குக்கு முன்னால்.

"சாவியைக் குடுங்க."

"வேணாம் சகலை. தெரிஞ்ச ரோடுதான்."

"ரோடு தெரிஞ்சதுதான். இடது பக்கமா ஓடி வர்ற குழந்தை தெரிஞ்சதா?"

சாம்பியன் கார் கதவில் கையை வைத்தபடி நின்றார். பின் சீட்டில் அக்கா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து நூல்கண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக் கூடாது என்பதற்காக இருவருமே தணிந்த குரலில்தான் பேசினார்கள்.

"குடுத்துருங்க" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே. "தம்பி ஓட்டட்டும். ஒரு வருஷமா நான் உங்க பக்கத்து சீட்டுல உக்காராம ஏன் பின்னாடி உக்காருறேன்னு நினைச்சீங்க? முன்னாடி இருந்தா பயத்துல கத்திடுவேன்."

சாம்பியன் சாவியைக் கொடுத்தார். தன் ஸ்கூட்டரைச் சங்கத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது கண்ணாடிக் கடைக்காரருக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து சாம்பியன் வந்தார். பிரேம் வரிசைகளைப் பார்ப்பதுபோல கொஞ்ச நேரம் பாவனை செய்துவிட்டு, தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கடைக்காரர் கதவில் 'சாப்பாட்டு இடைவேளை' பலகையை மாட்டிவிட்டு வந்தார். தாடையை மேடையில் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மறைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். கருவியில் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பொத்தான் சத்தம் மட்டும் எப்போதாவதுதான் கேட்டது. அந்த அமைதியில் அவருக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. தேடிப் பார்த்தார், மூலையில்கூட இல்லை.

"இது கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயம் இல்ல சகலை" என்றார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்திருக்கு. போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட போறோம்."

"போறோமா?"

"நானும்தான் வர்றேன்."

பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். காலை எட்டு மணிக்குக் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, இரவு எட்டு மணிக்கு ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க. கார் ஓட்டவே கூடாது. மீன் பிடிக்கலாமா என்று கேட்டதற்கு, தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருந்தால் தாராளமாகப் பிடிக்கலாம் என்றார்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சாம்பியன் எழுந்து நின்று விஷயத்தை அவராகவே சொன்னார். நான்கு வாக்கியம்தான். யாரையாவது தெருவில் பார்த்தும் பார்க்காததுபோலப் போயிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றார். நாற்காலிகளில் பல பேர் நெளிந்தார்கள். 'தலைக்கனம் பிடித்த மனுசன்' என்று திட்டியது தான் ஒருவன் மட்டும் இல்லை என்று அன்றுதான் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரிந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக் கடைக்காரர்தான் சகலையின் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். அக்கா பின்னால் உட்காருவதில்லை, வருவதே இல்லை. அந்த நேரமும் அவருக்குத் தங்கையோடு போனில் பேசச் சேர்ந்து கிடைக்கிறது. சாம்பியன் பக்கத்து சீட்டில் இருந்து, கியர் மாற்றுவது சரியில்லை, திருப்பத்தில் வேகம் என்று வழி நெடுகக் குறை சொல்கிறார். படகில் கண்ணாடிக் கடைக்காரர் எப்போதும் இடது பக்கமாகத்தான் உட்காருகிறார். "தக்கை ரெண்டடி நகர்ந்துருக்கு", "கட்டைக்கு மூணு முழம்" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

எட்டு மணிக்குக் கைபேசி மணி அடிக்கும். சாம்பியன் கம்பை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து அண்ணாந்து உட்காருவார். கண்ணாடிக் கடைக்காரர் படகு ஆடாமல் எழுந்து வந்து, ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, சொட்டு விழுவதற்கு முன்பே கண்ணைச் சிமிட்டும் அந்த மனிதரிடம், "ஆடாதீங்க சகலை, ஒரே ஒரு சொட்டுதான்" என்பார்.

"மீன் கடிக்குது சகலை, சீக்கிரம்."

"கடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கண்ணின் இமையை விரலால் தாழ்த்துவார்.